வெண்சுதை மாடமும் வெந்த சிப்பியும்

கோட்டையைக் கட்டியவர் கவர்னர் என்று படிக்கிறோம். கோபுரத்தை எழுப்பியவன் மன்னன் என்று படிக்கிறோம். மாளிகையை அமைத்தவர் பிரபு என்று படிக்கிறோம். கவர்னர் சாந்து குழைத்தாரா? மன்னன் கல் சுமந்தானா? பிரபுவின் கையிலே கொல்லுறு ஏறிய தழும்பு உண்டா? வகுப்பறையிலே இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டால் ஆசிரியர்கள் சிரித்து மழுப்பிவிடுகிறோம். கேட்ட பிள்ளைதான் வரலாற்றின் வாசற்படியிலே சரியாகக் கால் வைத்தவன் என்பது நம் எண்ணம்.

ஆகவே இங்கே நாம் மன்னர் வரிசையை விட்டுவிட்டு, ஒரு வீட்டின் சுவரைப் படிக்கப்போகிறோம். சுவர் செங்கல்லாலானது. அதன்மீது வெண்ணிறச் சாந்து. பதினெட்டாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் உருவாகி, கடல் கடந்து சென்னைக் கோட்டைக்குள்ளே குடியேறிய வீடு அது. நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714 முதல் 1830 வரையிலான காலத்தின் பாணி என்பதால், கட்டடக் கலை நூல்கள் அதனை ஜார்ஜியப் பாணி என்றே குறிக்கின்றன. அந்தச் சுவரைப் படிக்கத் தொடங்கினால், அது நம்மை இலண்டனில் நிறுத்துவதில்லை. சென்னைக்கு வடக்கே, 60 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலே இருக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும், அதன் கரையிலே வலை உலர்த்தும் குப்பங்களுக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. ஏரியிலிருந்தே தொடங்குவோம்.

பழவேற்காடு இன்று மீனவர் ஊர். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் என்று கரை நெடுகக் குப்பங்கள். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளிலே சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். இந்தச் சிற்றூர் ஒரு காலத்திலே சோழமண்டலக் கரை வாணிகத்துக்கே தலைநகராக இருந்தது என்றால் நம்புவது கடினம். 1610 இலே டச்சுக்காரர் இங்கே பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612 இலே அதனை அழித்தனர். மறு ஆண்டே, 1613 இலே, எழுந்தது கெல்திரியாக் கோட்டை. நான்கு மூலைகளிலே நான்கு கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. டச்சு நாட்டின் கெல்தர்லாந்து மாநிலத்தின் பெயரை நம் ஏரிக்கரையிலே நட்டு வைத்தார்கள். 1690 இலே தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது. துணி ஏற்றுமதியானது, வெடிமருந்து செய்யப்பட்டது. துணியோடு மனிதரும் ஏற்றுமதியானார்கள்! பஞ்சம் வந்த ஆண்டுகளிலே, பசிக்கு விலையாகிய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் சோழமண்டலக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். சிவன் காத்தானா, திருமால் காத்தானா என்று கேட்க இங்கே இடமில்லை. கேட்கவேண்டிய தோழர்கள் தாமே கேட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கோட்டை இன்று இல்லை. 1795 இலே பழவேற்காட்டைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1806 இலே அதனை இடித்துத் தள்ளினர். மேடும் பள்ளமும் முட்புதருமாக ஓரிடம் கிடக்கிறது. அகழியின் தடம் தெரிகிறது. மிஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம். வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடு வடித்த கல். உள்ளே கூர்நுனிக் கம்பங்கள், குவிமாடம் போட்ட சமாதிகள், டச்சு மொழியிலே நுணுக்கமாகச் செதுக்கிய பலகைக் கற்கள். மத்தியத் தொல்லியல் துறை அதனைப் பாதுகாக்கிறது. நாம் மாணவர்களோடு அங்கே சென்றபோது ஒரு சிறுவன் கேட்டான்: "செத்தவங்களுக்கே இவ்ளோ பெரிய வீடா சார்?" அவன் வீடு ஓலை வேய்ந்தது.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கல்லறையை விட்டு நகர மனமில்லை. ஆபிரகாம் ரொஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டிலே இருந்தார். நம் நாட்டுச் சமயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்த பின், 1651 இலே, வெளியாயிற்று. ஐரோப்பா முழுவதும் அதனைப் படித்தது. அவருக்குச் செய்தி சொன்னவர் யார்? பத்மநாபன் என்ற பார்ப்பனர். வேதம் என்ன, விரதம் என்ன, எந்தச் சாதி எந்தச் சாதிக்கு மேல் என்பதெல்லாம் அவர் வாய்வழியே ஐரோப்பிய ஏட்டிலே ஏறின. பத்தாண்டு ஏரிக்கரையிலே வாழ்ந்த அறிஞர், சிப்பி வாரிய கிழவியிடமும் சூளைக்கு விறகு வெட்டியவனிடமும் செய்தி கேட்டிருந்தால், நம் கையிலே இன்று வேறு ஒரு நூல் இருந்திருக்கும். கேட்கப்படாதவர் எழுதப்படாதவர் ஆகிறார்.

ஆங்கிலேயரும் முதலிலே இங்கேதான் கால் வைத்தார்கள். டச்சுக்காரரோடு பங்கு வாணிகம் செய்து பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. ஏரியின் வட திசையிலே, துர்க்கராசப்பட்டினத்திலே, 1626 இல் ஆர்மகான் என்னும் பண்டகசாலையை அமைத்தார்கள். அதுவும் சரிப்படவில்லை. அங்கிருந்துதான் பிரான்சிஸ் டே தெற்கே வந்து, 1639 இலே மதராசப்பட்டினத்து மணற்பரப்பைத் தேர்ந்தெடுத்தார். ஆக, சென்னைக் கோட்டையின் கதைக்கு முன்கதை இந்த ஏரிக்கரையிலே இருக்கிறது.

இனி அந்த இலண்டன் வீட்டைப் பார்ப்போம். 1666 இலே இலண்டன் எரிந்தது. 13,000 வீடுகளுக்கு மேல் சாம்பல். மரச்சட்டமும் கூரையும் நெருக்கமும் தீயை வளர்த்தன. "தெய்வக் குற்றம்" என்று அங்கேயும் பாதிரிமார் சிலர் முழங்கத்தான் செய்தார்கள். ஆனால் நாடாளுமன்றம் யாகம் வளர்க்கவில்லை, சட்டம் இயற்றியது. 1667 ஆம் ஆண்டுச் சட்டம், இனி நகரிலே எழும் வீடுகளின் வெளிச்சுவர் செங்கல்லாகவோ கல்லாகவோதான் இருக்கவேண்டும் என்றது. எந்தத் தெருவிலே எத்தனை மாடி, சுவர் எவ்வளவு கனம் என்றெல்லாம் வகுத்தது. 1709 இலே மற்றொரு சட்டம், சன்னலின் மரச்சட்டத்தைச் சுவரின் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வை என்றது. தீ ஒரு சன்னலிலிருந்து அடுத்ததற்குத் தாவாதிருக்க! இன்று கட்டடக் கலைஞர்கள் "ஆகா, சன்னலின் ஓரத்திலே விழும் அந்த மெல்லிய நிழல்!" என்று வியக்கிறார்களே, அந்த நிழலைத் தந்தது கலைஞன் கனவன்று, தீயணைப்புச் சட்டத்தின் ஒரு விதி. 1774 ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளை நான்கு தரமாகவே பிரித்துவிட்டது. முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், நான்காம் தரம். அங்கே தரம் பிரிக்கப்பட்டது வீட்டின் மதிப்பையும் பரப்பையும் வைத்து. பிறப்பை வைத்து இல்லை என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ளவேண்டும், பின்னால் தேவைப்படும்.

அந்த வீட்டின் முகத்தைப் பாருங்கள். தெருவோடு ஒட்டி, தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கும். அகலம் குறைவு, ஆழம் மிகுதி. நடுவிலோ ஓரத்திலோ ஒரு கதவு. கதவின் மேலே விசிறி விரித்தாற்போல் அரைவட்டக் கண்ணாடி. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் சன்னல்கள், மாடிக்கு மாடி ஒரே நேர்கோட்டில். இத்தாலி நாட்டுப் பல்லாடியோ பதினாறாம் நூற்றாண்டிலே வகுத்த அளவு விதிகளை ஆங்கிலேயர் கற்றுக்கொண்டு, அலங்காரத்தைக் குறைத்து, அளவிலேயே அழகு காட்டினார்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை. பகுத்தறிவாளன் அழகுக்குப் பகைவனா என்ன?

ஆனால் அந்தச் சன்னல்களை இன்னும் சற்று உற்று நோக்குவோம். தரைக்கு மேலுள்ள முதல் மாடியிலே சன்னல் மிக உயரம். விருந்தும் நடனமும் பிரபுவின் உரையாடலும் அங்கே. அடுத்த மாடியிலே சற்றுக் குட்டை, படுக்கையறைகள். உச்சியிலே, கூரைக்கடியிலே, புறாக்கூண்டு போன்ற சிறு சன்னல். அங்கே வேலைக்காரப் பெண் உறங்குவாள். தரைக்குக் கீழே, வெளிச்சம் எட்டாத நிலவறையிலே சமையற்கட்டு. அவள் விடியுமுன் உச்சியிலிருந்து இறங்கி நிலவறைக்குப் போவாள். இரவிலே நிலவறையிலிருந்து உச்சிக்கு ஏறுவாள். அடுப்புக்கரியும் தண்ணீரும் அவள் கையிலே ஏறும். வீட்டின் முகத்தைப் பார்த்தே, உள்ளே யார் ஆண்டை, யார் அடிமை என்று கணக்கிட்டுவிடலாம்! இது போதாதென்று 1696 இலே சன்னலுக்கும் வரி போட்டார்கள். ஏழைகள் குடியிருந்த வீடுகளிலே சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள் உடையவர்கள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விலை வைத்த அந்த வரி 1851 இலேதான் ஒழிந்தது. அமெரிக்கப் போரின் செலவை ஈடுகட்ட 1784 இலே செங்கல்லுக்கும் வரி வந்தது.

செங்கல்லை அறுத்தவர் யார்? குடும்பம் குடும்பமாகச் சூளையிலே உழன்ற ஏழைகள். களிமண் கட்டியைத் தலையிலே சுமந்த குழந்தைகள். தாமே சிறுவயதில் செங்கற்சூளையிலே சுமை தூக்கிய ஜார்ஜ் சுமித் என்பவர், 1871 இலே அந்தக் குழந்தைகளின் அழுகுரலை நூலாக எழுதினார். அதே ஆண்டு, பத்து வயதுக்குக் குறைந்த சிறுவரும் பதினாறு வயதுக்குக் குறைந்த சிறுமியரும் சூளையிலே வேலை செய்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஜார்ஜ் என்னும் பெயரிலே மன்னர் நால்வரை நினைவிலே வைத்திருக்கிறது வரலாறு. நாம் இந்த ஐந்தாவது ஜார்ஜையும் சேர்த்துக்கொள்வோம்.

இந்த வீடு சென்னைக்கு வந்தபோது வெயில் அதனைத் திருத்தியது. நிலவறைச் சமையல் போயிற்று; சமையற்கட்டு தனியே பின்புறம் சென்றது. முகப்பிலே தூண்களும் தாழ்வாரமும் வந்தன. கண்ணாடிச் சன்னலுக்குத் துணையாக, காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் சாய்பலகைச் சன்னல் வந்தது. சாய்கூரை போய்த் தட்டைத் தளம் வந்தது. தேக்கு உத்தரங்களின் மேலே சிறிய மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாகச் சுண்ணாம்பிலே பதித்து, மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கும் அந்தத் தளத்தை, "மெட்ராஸ் டெரஸ்" என்று பொறியியல் நூல்கள் நம் ஊர்ப் பெயராலேயே அழைக்கின்றன. நம் கொத்தனாரின் கைவேலை அது.

கோட்டைக்குள்ளே ஒரு வீடு இருக்கிறது. ஆர்மீனிய வணிகர் ஒருவருக்குச் சொந்தமாயிருந்தது. 1753 இலே மணமான புதிதில் இராபர்ட் கிளைவ் அதிலே குடியிருந்தார். பின்னர் அட்மிரால்டி மாளிகை எனப்பட்டது. இன்று கிளைவ் மாளிகை என்றே பெயர். பெயரைக் கவனியுங்கள்! கட்டுவித்தவர் வணிகர், கட்டியவர் நம்மவர், சிலகாலம் குடியிருந்தவர் கிளைவ். பெயர் குடியிருந்தவருக்குப் போயிற்று. அருகே 1795 இலே எழுந்த கட்டடம் இன்று கோட்டை அருங்காட்சியகம். சற்றுத் தள்ளி, கிளைவின் மகன் கவர்னராயிருந்தபோது, வானியலார் கோல்டிங்ஹாம் வரைந்த திட்டப்படி, பிளாசி வெற்றிக்கும் சீரங்கப்பட்டின வெற்றிக்கும் நினைவாக 1802 இலே முடிந்த விருந்து மண்டபம். கிரேக்கக் கோவில் போன்ற தூண் வரிசை. பின்னாளிலே அது இராஜாஜி மண்டபம் ஆயிற்று. 1969 பிப்ரவரியிலே, நம் நெஞ்சம் நொறுங்க, அண்ணாவின் உடல் அந்தப் படிக்கட்டின் மேல்தான் வைக்கப்பட்டது. திப்புவை வீழ்த்திய களிப்பிலே கட்டிய மண்டபத்தின் படிகளிலே, நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்காக மக்கள் கடல் அழுதது. கட்டியவன் நினைத்தபடி கட்டடங்கள் எப்போதும் நடந்துகொள்வதில்லை.

இந்த மாளிகைகளெல்லாம் வெள்ளைவெளேரென்று இருந்தன. கப்பலிலே வந்தவர்கள் கடலிலிருந்து பார்த்துப் பளிங்கு நகரமோ என்று மயங்கினார்கள். வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர், 1793 இலே வெளியான தம் பயண நூலிலே, அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரத்தோடு சென்னையை ஒப்பிட்டார். பளிங்கு ஏது இங்கே? உள்ளே செங்கல். மேலே சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு மலைக் கல்லைச் சுட்டதன்று, சிப்பியைச் சுட்டது. சோழமண்டலக் கரையின் உப்பங்கழிகளிலே, நீருக்கடியிலும் சேற்றுக்கடியிலும் காலங்காலமாகப் படிந்து கிடந்த கிளிஞ்சலும் சிப்பியும்தான் கவர்னரின் பளிங்கு. அந்த உப்பங்கழிகளிலே மிகப் பெரியது பழவேற்காடு. ஏரியின் அடியிலே சிப்பிப் படுகை அடுக்கடுக்காய்க் கிடந்தது. தோண்டியெடுத்துச் சுண்ணாம்புக்குச் சுட்டார்கள். பிற்காலத்திலே சிமெண்டு ஆலைக்கும் அது தீனியாயிற்று.

செய்முறையைச் சொல்லவேண்டும், ஏனெனில் இது நம் மக்களின் வேதியியல். சிப்பியை அலசி மண் போக்கிச் சூளையிலே விறகோடும் கரியோடும் அடுக்கிச் சுடுவார்கள். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திலே சிப்பியிலிருந்த கரியமிலவாயு வெளியேறும். வெந்த சிப்பியின்மேல் நீர் தெளித்தால் கொதித்து, சீறி, மாவாய் உதிரும். அதுதான் நீற்றுதல். அந்த ஆவி கண்ணிலே பட்டால் கண் போகும். கையிலே பட்டால் தோல் உரியும். சலித்து, மணல் சேர்த்து, அரைத்து, வெல்லநீர் விட்டுப் புளிக்கவைத்து முதற்பூச்சு. அதன்மேல் இன்னும் நுண்ணிய இரண்டாம் பூச்சு. மூன்றாம் பூச்சுக்குத் தூய சிப்பிச் சுண்ணாம்பை வெண்மணலோடு வெண்ணெய்போல் அரைத்து, முட்டை வெண்கருவும் தயிரும் நெய்யும் கலந்து மெல்லியதாகப் பூசுவார்கள். பிறகு வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். ஈரம் வற்றும்வரை தேய்ப்பார்கள். வியர்வை துடைக்கக் கை எடுக்காமல் தேய்ப்பார்கள். முகம் தெரியும்வரை தேய்ப்பார்கள். அதற்குப் பின் சுவர் காற்றிலிருந்து கரியமிலவாயுவை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு மெல்ல இறுகும். அதாவது, வேதியியல் கணக்குப்படி, மீண்டும் சிப்பியே ஆகிவிடும்! கிளைவ் குடியிருந்தது ஒரு சிப்பிக்குள்ளே என்றால் தவறில்லை. நம் சுண்ணாம்பின் பெயரையே "சுனம்" என்று தம் அகராதியிலே ஏற்றிக்கொண்டான் ஆங்கிலேயன். சுட்டவன் பெயர் ஏறவில்லை. சென்னையிலே சூளை என்றொரு பகுதி, சூளைமேடு என்றொரு பகுதி, புறநகரிலே சுண்ணாம்பு கொளத்தூர். ஊர்ப்பெயர்களிலே ஒளிந்திருக்கிறது அந்த உழைப்பு.

முட்டையும் தயிரும் நெய்யும்! தோழர்களே, சுவர் தின்ற அந்த உணவை, பூசியவன் பிள்ளை எத்தனை நாள் தின்றிருக்கும்?

பொருள்கள் எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் பார்க்கவேண்டும். துறைமுகம் இல்லாத சென்னையிலே, இங்கிலாந்திலிருந்து வந்த கண்ணாடியும் இரும்பும் நாற்காலியும் நடனமாடும் சீமாட்டியும், எல்லாமே, கயிற்றால் தைத்த மசுலாப் படகிலேறித்தான் அலையைக் கடந்து கரை சேர்ந்தன. துடுப்புப் போட்டவர் நம் கடற்கரை மக்கள். ஏரிப் பக்கமிருந்து வருவதற்கு வழியமைத்தது கால்வாய். பாசில் காக்கிரேன் என்பவர் 1801 இலே தொடங்கிய கால்வாய் 1806 இலே சென்னையையும் எண்ணூரையும் இணைத்தது. பின்னர் பழவேற்காட்டு ஏரிவரை நீண்டது. சிறீஅரிக்கோட்டாக் காட்டின் விறகும் ஏரியின் சிப்பியும் படகிலே சென்னைக்கு மிதந்து வந்தன. 1876 முதல் 1878 வரை தாது ஆண்டுப் பஞ்சம் மக்களைக் கொன்று குவித்தபோது, கூலிக்கு வந்த பட்டினிப் பட்டாளத்தைக் கொண்டு நகருக்குள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். வெட்டியவர் எலும்புந்தோலுமான குடியானவர். பெயர் பக்கிங்காம் பிரபுவுக்கு!

இப்படிப் படகோட்டியும் சிப்பி சுட்டும் சாந்து பூசியும் எழுப்பிய வெள்ளை நகரத்திலே இவர்கள் குடியிருக்கலாமோ? கூடாது. கோட்டைக்குள் வெள்ளையர் பட்டினம். வெளியே கருப்பர் பட்டினம். பிரெஞ்சுக்காரரோடு நடந்த போர்களுக்குப் பின், பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய வெட்டவெளி வேண்டும் என்று, கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் பட்டினத்தையே இடித்து அப்புறப்படுத்தினார்கள். இந்த எல்லைக்குள் எவனும் வீடு கட்டக்கூடாது என்று 1773 இலே ஆறு தூண்களை நட்டார்கள். அவற்றிலே ஒன்று பாரிமுனையிலே இன்றும் நிற்கிறது. பேருந்துக்கு விரைவோர் எத்தனை பேர் அதனைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

வெள்ளையனை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. அந்த எளிய வழியிலே நாம் போகப்போவதில்லை. செங்கல்லும் சாந்தும் யாருக்கு உரிமை என்ற கேள்வியை அவன் இங்கே கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இங்கே அது இருந்தது. சோழர் காலத்துப் பார்ப்பனக் குடியிருப்புகளுக்கான நிலக்கொடைச் செப்பேடுகளைப் பாருங்கள். கொடை பெறுவோர்க்குத் தரும் சலுகைகளின் பட்டியலிலே, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒன்று. அந்த ஊர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்பதும் அதே பட்டியலில்! சுட்ட செங்கல்லால் வீடு கட்டுவது ஒரு சலுகை என்றால், சலுகை இல்லாதவன் கதி என்ன? கொங்கு நாட்டிலே, கருவூரிலே, கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு வந்த சோழ ஆணை ஒன்று கல்லிலே நிற்கிறது. கம்மாளர்கள் இனித் தம் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அனுமதி வழங்குகிறது அது. கம்மாளர் என்றால் யார்? கல்தச்சரும் மரத்தச்சரும் கொல்லரும் கன்னாரும் தட்டாரும். ஊரார் கோவிலையும் மாளிகையையும் உருவாக்கிய கைகள் தம் வீட்டுச் சுவரிலே ஒரு கரண்டி சாந்து அப்ப, அரசாணை தேவைப்பட்டது! தஞ்சைப் பெரிய கோவிலின் உயரத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். இந்தக் கருவூர்க் கல்வெட்டையும் அதே பாடத்திலே வைத்தால் என்ன? திருவிதாங்கூரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நாடார் மக்கள் மாடி வீடு கட்டத் தடை இருந்தது. இலண்டன் சட்டம் எல்லோரும் செங்கல்லால் கட்டு என்று கட்டாயப்படுத்திய பிறகும், இங்கே சாதிச் சட்டம் நீ கட்டாதே என்று தடுத்துக்கொண்டிருந்தது. முன்னே குறித்துக்கொள்ளச் சொன்னோமே, அந்த வேறுபாடு இதுதான்.

குப்பத்தின் கூரை ஏன் தாழ்வாகவே இருந்தது என்பதற்கு இதிலே விடையிருக்கிறது. உயர்ந்த மாடங்களோடு தாழ்ந்த கூரைப் பரதவர் குடிசையையும் பட்டினப்பாலை காட்டுகிறதே, அந்தக் கூரை ஈராயிரம் ஆண்டாக உயரவில்லை. கோடை வந்தால் பனையோலையும் கீற்றும் ஒரு பொறியிலே எரியும். இலண்டனுக்கு ஒரு முறை வந்த தீ, குப்பங்களுக்கும் சேரிகளுக்கும் அடிக்கடி வந்தது. குப்பத்துக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஏரியிலே முறைவைத்து மீன்பிடிக்கும் "பாடு" உரிமை மரபாகச் சில குடிகளுக்கே; இருளரும் ஒடுக்கப்பட்ட பிறரும் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தனர். அவர்கள் கூரை அதனினும் தாழ்வு.

1970 இலே தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 2010 இலே 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பழவேற்காட்டுக் குப்பங்களிலும் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. சுவரும் தளமும் உரிமையாயின; வரவேற்கிறோம். ஆனால் கட்டித் தருவோர் ஏரிக்கரையின் காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். உப்புக் காற்று கான்கிரீட்டின் நுண்துளை வழியே புகுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். தளத்தின் அடியிலிருந்து காரை பெயர்ந்து, தூங்குகிறவன் மேல் விழும். கம்பியே இல்லாத செங்கல்லும் சுண்ணாம்பும் இதே கடற்காற்றிலே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கோட்டைக்குள் நிற்கின்றன. பழமையைப் போற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கம்பிக்கு மேல் போதிய கனத்தில் கான்கிரீட் மூடியிருக்கிறதா, மணலும் நீரும் உப்பற்றவையா என்று கேட்டுச் சரிபார்க்கும் உரிமை குப்பத்து மக்களுக்கு உண்டு. பிரபுவின் வீட்டுக்கு மூன்று பூச்சுப் பூசத் தெரிந்த நாட்டிலே, மீனவன் வீட்டுக்கு ஒரு பூச்சாவது ஒழுங்காக விழவேண்டாமா?

செங்கல்லின் கதையும் முடியவில்லை. பழவேற்காடு இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலிருந்து, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976 இலே.

சென்னையிலே பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணி இப்போது நடக்கிறது. சேப்பாக்கத்து ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை சீரமைத்தபோது சிமெண்டு ஒத்துவராதென்று மீண்டும் சுண்ணாம்புக் காரைக்கே போனார்கள். வெல்லமும் கடுக்காயும் சேர்த்து அரைக்கும் கைப்பக்குவம் தெரிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. இத்தகைய கட்டடங்களின் வாசலிலே கல்வெட்டு ஒன்று வைப்பது வழக்கம். அமைச்சர் பெயர், அதிகாரிகள் பெயர், ஒப்பந்தக்காரர் பெயர் அதிலே இருக்கும். அந்தப் பட்டியலின் கீழே, சாந்து அரைத்தவரும் பூசியவரும் தேய்த்தவரும் இன்னின்னார், இன்ன ஊரினர் என்று நான்கு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டம் ஏதும் வேண்டியதில்லை. கல்லிலே இடம் இருக்கிறது.